ஒரு கேலன் பாலும் ஒரு கரண்டிப் பொடியும்

அமெரிக்கக் கடைகளில் கேலன் கணக்கில் விற்கப்படும் பசும்பாலில், ஒரு கோப்பைக்கு, அதாவது ஏறத்தாழ 240 மில்லிலிட்டருக்கு, 8 கிராம் புரதம் இருப்பதாகக் குடுவையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இந்த 8 கிராமும் ஒரே வகைப் புரதம் அன்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்னும் புரதக் குடும்பம். பாலில் புளிப்போ ரென்னெட் என்னும் நொதியோ சேர்ந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரள்வது இதுவே. எஞ்சிய ஒரு பங்கு, கட்டியை வடித்தெடுத்த பின் நிற்கும் இளமஞ்சள் நீரில் கரைந்தபடியே தங்கிவிடுகிறது. அந்த நீருக்கு வே என்றும், அதில் கரைந்துள்ள பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின் முதலான புரதங்களுக்கு மொத்தமாக வே புரதம் என்றும் பெயர். கேலன் ஒன்றுக்குப் பதினாறு கோப்பை என்பதால், ஒரு கேலன் பாலில் உள்ள மொத்தப் புரதம் 128 கிராம் என்றும், அதில் வே புரதம் ஏறத்தாழ 25 கிராம் என்றும் கணக்கிடலாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடியின் ஒரு கரண்டியில் இருப்பதும் இதே 20 முதல் 25 கிராம்தான். ஆகவே, ஒரு கரண்டிப் பொடிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு கேலன் பால் நிற்கிறது.

இந்தப் புரதம் தமிழ்ச் சமையலறைக்குப் புதியதன்று. பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றும் வழக்கத்தில் ஒரு நுட்பமான வேதியியல் நிகழ்கிறது: கொதிநிலையை நெருங்கும் வெப்பத்தில் வே புரதங்களின் மடிப்பு அவிழ்ந்து, அவை கேசீன் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, பின்னர் பால் புளித்துத் தயிராகும்போது இரண்டும் சேர்ந்தே உறைகின்றன. நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக விழுவதற்கும் இதுவே காரணம். வீட்டில் பனீர் செய்யும்போதும், கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிவதால், வே புரதத்தின் பெரும்பகுதி பனீரோடே போய்விடுகிறது. பனீர் வடித்த தண்ணீர் ‘இயற்கையான புரத பானம்’ என்று பலரும் நம்பிக் குடிக்கின்றனர். அதில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் தாதுக்களும் உண்டு, ஆனால் ஒரு கோப்பைக்குச் சுமார் ஒரு கிராம் புரதம் தேறினாலே அதிகம். சப்பாத்தி மாவு பிசைய அது உதவும். தசை வளர்க்க உதவாது. வே புரதம் வே நீரிலேயே தங்க வேண்டுமானால், பாலை அதிகம் சுடவைக்காமல், மிதமான சூட்டில் ரென்னெட்டால் திரியவைக்க வேண்டும். அதைச் செய்பவை சீஸ் ஆலைகள்.

கழிவாக ஓடிய நீர்

பத்து கிலோ பாலிலிருந்து ஒரு கிலோ சீஸும் ஒன்பது கிலோ வே நீரும் கிடைக்கும். அந்த ஒன்பது கிலோவில் தொண்ணூற்று மூன்று விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். லாக்டோஸ் ஐந்து விழுக்காட்டை ஒட்டியது. புரதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இந்த நீரைப் பன்றிகளுக்கு ஊற்றினர், வயல்களில் பாய்ச்சினர், அல்லது அருகிலிருந்த ஆற்றில் விட்டனர். நீரில் கலந்த கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே மாசின் அளவுகோல். அவ்வகையில் வே நீர், வீட்டுச் சாக்கடை நீரைவிட நூறு மடங்குக்கும் மேல் கடுமையானது. அது கலந்த ஓடைகளில் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. 1972-இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் இறுகியபோது, கழிவைக் கொட்ட இடமில்லாத சீஸ் ஆலைகளுக்கு அதிலிருந்து எதையாவது பிரித்து விற்றாக வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. இன்று உடல்நலத்தின் அடையாளமாகப் பளபளக்கும் டப்பாவின் பிறப்பு, உடல்நலக் கவலையில் தொடங்கியதன்று.

பிரிக்கும் கருவியோ வேறொரு துறையிலிருந்து வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், 1950-களின் இறுதியில், மிக மெல்லிய மேற்தோலும் நுண்துளைகள் நிறைந்த தடித்த அடிப்பகுதியும் கொண்ட ஒரு சவ்வை உருவாக்கினர். அதைக் கொண்டு 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் குடிநீர் நிலையமும் அமைந்தது. அதே கோட்பாட்டில், துளைகள் சற்றுப் பெரிதாக அமைந்த சவ்வுகள் 1970-களில் பால் ஆலைகளுக்குள் நுழைந்தன. மீநுண்வடிகட்டல் எனப்படும் இம்முறையில், சவ்வு ஒரு சல்லடையாக நின்று, பெரிய மூலக்கூறுகளான புரதங்களைத் தடுத்துக்கொண்டு, சிறியவையான லாக்டோஸையும் உப்புகளையும் தண்ணீரோடு வெளியே விட்டுவிடுகிறது. தடுக்கப்பட்ட புரதக் கரைசலைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பொடி கிடைக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து சில மணி நேரக் கார் பயணத் தொலைவில், மெர்செட் கவுண்டியில் இருக்கும் ஹில்மர் என்ற சிற்றூரில், ஜெர்சி இனப் பசுக்களை வளர்த்த பண்ணைக் குடும்பங்கள் சேர்ந்து 1984-இல் தொடங்கிய ஹில்மர் சீஸ் நிறுவனம், சீஸுடன் வே புரதத்தையும் லாக்டோஸையும் பெருமளவில் தயாரிக்கிறது. 2007-இல் டெக்சாஸின் வடமேற்குக் கோடியிலுள்ள டால்ஹார்ட்டில் இரண்டாவது ஆலையையும் திறந்தது. டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ வாழும் தமிழ்க் குடும்பம் வாங்கும் டப்பாவின் மேல் யாருடைய பெயர் இருந்தாலும், உள்ளிருக்கும் பொடி இப்படிப்பட்ட ஒரு சீஸ் ஆலையின் பின்கட்டிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. புரதம் எண்பது விழுக்காடு வரை செறிந்த கான்சன்ட்ரேட்டில் லாக்டோஸ் நூற்றுக்கு நான்கு முதல் எட்டு கிராம் வரை தங்கியிருக்கும். தொண்ணூறு விழுக்காடோ அதற்கு மேலோ புரதம் கொண்ட ஐசொலேட்டில் லாக்டோஸ் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். நொதிகளால் முன்கூட்டியே துண்டாக்கப்பட்ட ஹைட்ரோலைசேட் விலை கூடியது, கசப்பானது. செரிமானக் கோளாறு இல்லாதவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் தென்படவில்லை.

சைவ உணவு உண்போர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இங்கே உண்டு. ரென்னெட் என்பது மரபாகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் செயற்கூறான கைமோசினை நுண்ணுயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்வதற்கு 1990-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்த பிறகு, அந்நாட்டுச் சீஸில் மிகப் பெரும்பகுதி இந்தக் கைமோசினாலேயே தயாராகிறது. எனினும் எல்லாமே அப்படியன்று என்பதால், டப்பாவில் சைவக் குறிப்பு இல்லாவிடில் உற்பத்தியாளரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பசுவையே தவிர்க்கும் முயற்சியும் வளைகுடாப் பகுதியில் நடந்திருக்கிறது. ரயன் பாண்டியா, பெருமாள் காந்தி ஆகிய இருவர் 2014-இல் தொடங்கிய பெர்ஃபெக்ட் டே நிறுவனம், பீட்டா லாக்டோகுளோபுலினுக்கான மரபணுவை ஒரு பூஞ்சையில் செலுத்தி, தொட்டிகளில் வளர்த்து, அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. 2020-இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதன் பாதுகாப்பு குறித்துக் கேள்வி இல்லையென்று கடிதம் தந்தது. பசு இல்லாமல் பிறந்தாலும் அது பசும்பாலின் புரதமேயாகையால், பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது.

முந்நூறு கிராம்

உணவுப் புரதம் செரிமானத்தில் அமினோ அமிலங்களாக உடைகிறது. உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத ஒன்பது அமினோ அமிலங்களை உணவே தர வேண்டும். அவற்றுள் லியூசின் என்பது தசைக்குச் சிறப்பானது. தசை உயிரணுவின் உள்ளே எம்டார் என்னும் புரதக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தூண்டி, புதிய தசைப் புரதம் உருவாகும் வேலையை முடுக்கிவிடுவது அதுவே. வே புரதத்தில் பத்தில் ஒரு பங்கு லியூசின். ஒரு கரண்டிப் பொடியில் இரண்டரை கிராமை ஒட்டி அது கிடைக்கிறது. மேலும், கேசீன் இரைப்பையின் அமிலத்தில் மீண்டும் கட்டியாகி மெல்லக் கரைய, வே புரதமோ கரைந்தபடியே விரைந்து குடலுக்குச் சென்று, ரத்தத்தில் அமினோ அமிலங்களின் அளவைச் சட்டென உயர்த்துகிறது. ஃபிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் புவாரியும் குழுவினரும் 1997-இல் இந்த வேறுபாட்டை அளந்து காட்டிய பிறகே, ‘வேகப் புரதம்’, ‘நிதானப் புரதம்’ என்ற பேச்சு விளம்பரங்களில் புகுந்தது.

விளம்பரம் சொல்லாமல் விடுவது அளவை. ராபர்ட் மார்ட்டனும் குழுவினரும் 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியிட்ட பகுப்பாய்வு, 1,863 பேர் பங்கேற்ற 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எடை தூக்கும் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரங்கள் செய்தவர்களில், கூடுதல் புரதம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கும் கொழுப்பல்லாத உடல் எடையில் ஏற்பட்ட சராசரி வேறுபாடு 0.3 கிலோ, அதாவது 300 கிராம். தசையையும் வலிமையையும் கூட்டியதில் பெரும்பங்கு பயிற்சிக்கே உரியது. புரதம் அதன்மேல் சிறிது சேர்த்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டிய பின், மேலும் புரதம் சேர்த்துத் தசையில் பெரிதாகப் பயன் கிடைக்கவில்லை என்பதையும் அதே பகுப்பாய்வு கண்டது. இது பொடிக்கு மட்டுமான கணக்கன்று. முட்டை, பருப்பு, தயிர் ஆகிய எல்லாவற்றிலும் கிடைக்கும் புரதத்தின் கூட்டுத்தொகை. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம். பயிற்சியே செய்யாமல் காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி எனக் குடிப்பவருக்குக் கூடுவது பெரும்பாலும் கலோரி மட்டுமே.

ஆயினும் 300 கிராம் என்று கேட்டவுடன் பொடியை ஒதுக்கிவிடுவதும் சரியன்று. அந்த ஆய்வுகளில் பங்கேற்ற பலரும் முன்பே போதிய புரதம் உண்டுவந்தவர்கள். போதாக்குறையில் இருப்பவருடைய கணக்கு வேறு. அமெரிக்கத் தமிழர்களில் கணிசமானோர் அந்தப் பக்கமே நிற்கின்றனர் என்று கருத இடமிருக்கிறது.

சோற்றுத் தட்டின் கணக்கு

தெற்காசியர்களின் இதய நோயை ஆராய, சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து 2010-இல் மசாலா என்ற சுருக்கப் பெயருடைய நீண்டகால ஆய்வைத் தொடங்கின. அல்கா கனாயா முதலானோர் வழிநடத்தும் இந்த ஆய்வில், வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் நடுவயதும் முதுமையுமான 906 தெற்காசியர்கள் முதற்கட்டத்தில் சேர்க்கப்பட்டனர். வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய பின், அவர்களிடையே நீரிழிவு 23 விழுக்காடாகவும், ஒப்பிடத்தக்க வெள்ளை இனத்தவரிடையே 6 விழுக்காடாகவும் இருந்தது. இந்த அத்தியாயத்துக்கு அதைவிடவும் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு: மற்ற அமெரிக்க இனக் குழுக்களோடு ஒப்பிடுகையில், தெற்காசியர்களின் உடலில் தசை குறைவு, கல்லீரலிலும் தசைகளுக்கிடையிலும் கொழுப்பு அதிகம். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்ளும் உறுப்பு தசை என்பதால், தசைக்குறைவு தோற்றத்தைப் பற்றிய குறை மட்டும் அன்று.

தட்டில் என்ன இருக்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் பங்கேற்ற இந்தியா முழுவதற்குமான ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளியானபோது, இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. கடல் கடந்த பிறகு இந்தப் பழக்கம் எளிதில் மாறிவிடுவதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் அரிசி மூட்டையும் இட்லி ரவையும் வாங்கும் சைவக் குடும்பத்தின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், காலையில் மூன்று இட்லியில் 6 கிராம், ஒரு கோப்பைச் சோற்றில் 4 கிராம், நீர்க்கச் செய்த சாம்பாரில் 3 அல்லது 4 கிராம், ஒரு கோப்பைத் தயிரில் 8 கிராம், இரவுச் சப்பாத்திகளிலும் கூட்டிலும் ஒரு 12 கிராம், இரண்டு வேளைக் காப்பிப் பாலில் 6 கிராம் என்று கூட்டினால் 40 கிராமை ஒட்டித்தான் நிற்கும். நாளுக்கு கிலோவுக்கு 0.8 கிராம் என்னும் குறைந்தபட்ச அளவின்படியே எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 56 கிராம் வேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் சோறும் பருப்பும் நல்ல இணையே. குறை இணையில் இல்லை, அளவில் இருக்கிறது: பருப்பு வேண்டிய இடத்தில் பருப்புத் தண்ணீர் ஓடுகிறது.

அந்தப் பதினைந்து இருபது கிராம் பள்ளத்தை ஒரு கரண்டிப் பொடி நிரப்பிவிடும். கெட்டிப் பருப்பு ஒரு கோப்பை, நூறு கிராம் பனீர், வடித்த கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், அசைவம் உண்பவராயின் மூன்று முட்டை ஆகிய எதுவும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அதை நிரப்பும். இவற்றோடு நார்ச்சத்தோ கால்சியமோ வேறு சத்துகளோ சேர்ந்தே வரும். பொடியின் உண்மையான சிறப்பு அதன் புரதத்தில் இருப்பதைவிட வசதியில் இருக்கிறது: சமைக்க வேண்டாம், மெல்ல வேண்டாம், கெட்டுப்போகாது, 120 கலோரிக்குள் வேலை முடிந்துவிடும். இந்த வசதி யாருக்குப் பெரிது என்றால், பசி குறைந்து, பல் தளர்ந்து, ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடும் முதியவர்களுக்கு. வயது ஏற ஏற, அதே அளவு புரதத்துக்குத் தசை காட்டும் மறுவினை மங்குகிறது. முதுமையில் தசையும் வலிமையும் தேய்வதற்குச் சார்க்கோபீனியா என்று பெயர். அதனால் சிறுநீரகம் நலமாக உள்ள முதியவர்களுக்கு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டுமென்று 2013-இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. நோயிலிருந்தும் அறுவை சிகிச்சையிலிருந்தும் தேறுவோர், எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்வதால் பசி அடங்கிப்போனவர்கள் ஆகியோரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களிடம் வே புரதத்துக்கு இன்னொரு பயன் சோதிக்கப்பட்டிருக்கிறது. உணவுக்குச் சற்று முன் குடித்தால் அது இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, இன்சுலின் சுரப்பையும் தூண்டுகிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனையில், காலை உணவுக்கு முன் 50 கிராம் வே குடித்தவர்களின் சர்க்கரை ஏற்றம் 28 விழுக்காடு தணிந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் பதினைந்து பேர் மட்டுமே; 50 கிராம் என்பதும் நாள்தோறும் குடிக்கக்கூடிய அளவன்று. நம்பிக்கை தரும் முடிவு என்று சொல்லலாம், மருந்துக்கு மாற்று என்று சொல்ல இயலாது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. 2026 ஜனவரியில் வெளியான அமெரிக்க உணவு வழிகாட்டுதலோ கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் உண்ணச் சொல்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்போது குழப்பம் இயல்பே. முன்னது பொடியைப் பற்றியது, பின்னது மொத்தப் புரதத்தைப் பற்றியது; அமெரிக்க அறிவுரையைப் படித்தவுடன் கடைக்கு ஓடி டப்பா வாங்குவதும், இந்திய அறிவுரையைப் படித்தவுடன் பழைய சோற்றுத் தட்டே போதுமென்று அமைவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

டப்பாவின் பின்புறம்

வே புரதத்தின் தீமைகளாகச் சொல்லப்படுபவற்றில் சில பாலுக்கும் புரதத்துக்குமே உரியவை. கான்சன்ட்ரேட் குடித்தபின் வயிறு உப்புவதும் பேதியாவதும் லாக்டோஸால் வருபவை. தெற்காசியர்களில் லாக்டோஸ் செரியாதவர்கள் ஏராளம் என்பதால் அவர்களுக்கு ஐசொலேட் பொருந்தும். பால் ஒவ்வாமை இதனின்று வேறானது. அது உள்ளவர்களுக்கு எந்த வே புரதமும் ஆகாது. இளைஞர் சிலருக்கு முகப்பரு கூடுவதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். சான்று வலுவானதன்று, எனினும் நிறுத்திப் பார்ப்பதில் இழப்பில்லை. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா மருந்தோடு அமினோ அமிலங்கள் போட்டியிடும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பொடியிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து வீணாகும். ஆகவே மருந்து உண்போர் இடைவெளி விடுவது பற்றி மருத்துவரைக் கேட்பது தேவை. நலமான சிறுநீரகத்தை அதிகப் புரதம் கெடுக்கிறது என்ற பரவலான அச்சத்துக்கு ஆய்வுகள் துணை நிற்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தின் நிலைமை வேறு. அங்கே புரதத்தைக் குறைத்து உண்பதே வழக்கமான மருத்துவம்.

பெரிய தீமைகள் புரதத்தோடு கூட வருபவை, அல்லது புரதத்தின் பெயரில் வருபவை. அமெரிக்காவில் 1994-இல் இயற்றப்பட்ட துணையுணவுச் சட்டத்தின்படி, இத்தகைய பொருள்களை விற்பனைக்கு முன் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோதித்து அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக்கும் லேபிளின் உண்மைக்கும் பொறுப்பு உற்பத்தியாளரே. தவறு தெரிந்த பின்பே அரசு தலையிடும். இந்த இடைவெளியில் விளைந்த தந்திரம் ஒன்றைப் புரிந்துகொள்ள, டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-இல் வகுத்த சோதனை முறையை அறிய வேண்டும். உணவில் புரதத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரத அளவைச் சொல்வதே அம்முறை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று சோதனைக்குத் தெரியாது. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்பொடியில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டு, ஆறு குழந்தைகள் இறந்ததும் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றதும் இந்த ஓட்டையின் கொடிய விளைவு. அமெரிக்கப் புரதப் பொடிகளில் நடந்தது அவ்வளவு கொடியதன்று, ஆனால் அதே வழி: கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து புரத எண்ணை உயர்த்திக் காட்டியதாகப் பல நிறுவனங்கள் மீது 2014-ஐ ஒட்டி வழக்குகள் தொடரப்பட்டன.

கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி ஃபிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், 25 பொடிகளின் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. ஐந்தில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு இருந்தது. ஊரிலிருந்து மலிவாக வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அமெரிக்கப் பொடிகளில் பேசப்படும் சிக்கல் காரீயம். நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் இந்த உலோகம் மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து பொடிக்கும் வருகிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2025 அக்டோபரில் 23 புரதப் பொடிகளையும் பானங்களையும் சோதித்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றில், ஒரு வேளை அளவிலேயே, அவ்வமைப்பு ஒரு நாளுக்குக் கவலைக்குரியதாகக் கொள்ளும் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டிய காரீயம் இருந்தது. இதில் வே புரதத்துக்கு ஆறுதலான செய்தி உண்டு: பட்டாணி முதலான தாவரப் புரதப் பொடிகளில் சராசரியாக, பால் புரதப் பொடிகளில் இருந்ததைப்போல் ஒன்பது மடங்கு காரீயம் இருந்தது. பசுவின் உடல் ஒரு வடிகட்டியாக நின்று பெரும்பங்கைப் பாலுக்கு வராமல் தடுத்துவிடுகிறது. கோகோவும் மண்ணின் உலோகங்களை ஏற்பதால், சாக்லேட் சுவையைவிட வனிலா சுவை இவ்வகையில் மேலானது. கலிஃபோர்னியா 1986-இல் நிறைவேற்றிய ‘முன்மொழிவு 65’ என்னும் சட்டம் இதே 0.5 மைக்ரோகிராம் அளவைத் தாண்டினால் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்கிறது. நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் அச்சட்டம் இல்லை; அங்கே டப்பாவில் எச்சரிக்கை இல்லாததைக் கொண்டு உள்ளே காரீயம் இல்லை என முடிவுசெய்யலாகாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை கவனம் வேறிடத்தில் தேவை. உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு அணியில் சேர்ந்த பையன் கேட்பது பெரும்பாலும் வெறும் வே புரதமாக இருப்பதில்லை. காஃபீனும் வேறு ஊக்கிகளும் கலந்த ‘பயிற்சிக்கு முந்தைய’ கலவைகளும், எடை கூட்டும் பொடிகளும் அதே அலமாரியில் அதே எழுத்துருவில் நிற்கின்றன. நியூயார்க் மாநிலம் 2024 ஏப்ரலில், எடை குறைக்கவும் தசை வளர்க்கவும் என்று விற்கப்படும் பொருள்களைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடைசெய்தபோது, சாதாரணப் புரதப் பொடிக்கு விலக்கு அளித்தது. பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்த நல்ல சட்டம் அது.

வாங்குவோர் டப்பாவின் முன்புறப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். உட்பொருள்களின் பட்டியலில் வே முதலாவதாகவும், கிளைசின், டாரின் ஆகியவை இல்லாமலும் இருக்க வேண்டும். சர்க்கரை ஓரிரு கிராமைத் தாண்டலாகாது. புரத அளவுக்கு எதிரே தினசரித் தேவையில் எத்தனை விழுக்காடு என்ற எண் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். அந்த எண் 50 கிராமை முழு அளவாகக் கொண்டது. புரதத்தின் தரத்தையும் கணக்கில் சேர்த்தது. 25 கிராம் என்று முழங்கும் வே பொடிக்கு அங்கே 50 விழுக்காடு வர வேண்டும். எண் மிகக் குறைந்திருந்தாலோ, இல்லாமலே இருந்தாலோ ஐயுறலாம். என்.எஸ்.எஃப். போன்ற தனி அமைப்புகள் சோதித்துத் தரும் முத்திரை, அரசு செய்யாத சோதனைக்கு ஓரளவு ஈடு.

கடைசியாக, சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்காக இந்தப் பொடியை வாங்க எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் வயது வந்தோரில் ஏழு பேரில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தெரியாதென்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணித்திருக்கிறது. பல ஆண்டுகளாக நீரிழிவோடும் ரத்தக்கொதிப்போடும் வாழ்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். டப்பாவைத் திறக்கும் முன், அவர்களுடைய கோப்பிலுள்ள அண்மை ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினும், அதிலிருந்து கணிக்கப்படும் சிறுநீரக வடிகட்டு வேகமும், சிறுநீரில் ஆல்புமின் அளவும் என்னவென்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் பொடி காத்திருக்கட்டும். பரிசோதனை முதலில் நடக்கட்டும்.